330 வாட் பேனல் 120 வாட் தந்த கதை

மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பார்த்திருக்கிறீர்களா? கீழே காவிரி, தொலைவில் கொள்ளிடம், இரண்டுக்கும் நடுவே ஸ்ரீரங்கத் தீவு. 236 அடி ராஜகோபுரம்தான் முதலில் கண்ணில் படும். இப்போது அதைச் சுற்றியுள்ள மொட்டை மாடிகளில் சோலார் பேனல்களும் பளபளக்கின்றன. அவற்றுள் ஒன்று என் பெரியப்பாவுடையது. அதை வைத்துத்தான் இன்று ஒரு கணக்குப் போடப்போகிறோம்.

2012-இல் தமிழ்நாட்டில் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தது. அப்போது பெரியப்பா ஓர் இன்வெர்ட்டரும் 12 வோல்ட் பேட்டரி ஒன்றும் வாங்கினார். மின்வெட்டு குறைந்த பிறகும் அந்த ஏற்பாடு வீட்டில் இருந்தது. 2021-இல் 150 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள புதுப் பேட்டரி ஒன்றும், 330 வாட் பேனல் ஒன்றும் வந்து சேர்ந்தன. மாலையானதும் மின்வாரிய இணைப்பின் சுவிட்சை அணைத்துவிடுவார். "இனி ராத்திரி முழுக்க சூரியன் செலவு" என்று பெருமையாகச் சொல்வார்.

சில வாரங்களிலேயே நள்ளிரவில் மின்விசிறிகள் நிற்கத் தொடங்கின. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த பேத்தி வியர்வையில் எழுந்து உட்கார்ந்துகொள்வாள். இரண்டு ஆண்டுகளில் பேட்டரி அடியோடு செத்துப்போனது. இன்னொரு பேனல் வாங்கினால் சரியாகிவிடும் என்றார் விற்றவர். பெரியப்பாவும் பணம் எடுத்து வைத்துவிட்டார். உண்மையில் குறை எங்கே இருந்தது?

முதலில் செலவைப் பார்ப்போம். 75 வாட் மின்விசிறி இரண்டு, இரவில் 6 மணி நேரம் ஓடின. 2 × 75 × 6 = 900 வாட்-மணி. 10 வாட் விளக்கு இரண்டு, 5 மணி நேரம் எரிந்தால் 100. ஆக மொத்தம் 1000 வாட்-மணி. பேட்டரியின் நேர்மின்சாரத்தை வீட்டுக்கு வேண்டிய 230 வோல்ட் மாறுமின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் சும்மா வேலை செய்யாது. தன் கூலியாக ஏறக்குறைய 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும். ஆகவே பேட்டரியிலிருந்து 1200 வாட்-மணி வெளியேற வேண்டும். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் 100 ஆம்பியர்-மணி வரும்.

இனி வரவு. திருச்சியில் வெயிலுக்குப் பஞ்சமில்லை என்பது உங்களுக்கே தெரியும். காலையிலும் மாலையிலும் வெயில் மெலிந்திருக்கும் அல்லவா? நாள் முழுவதும் விழுவதைத் திரட்டினால், சராசரியாக 5 மணி நேர உச்சி வெயிலுக்குச் சமம். 330 × 5 = 1650. தாளில் போட்டால் தாராளமாகத்தான் தெரிகிறது!

பேனலின் பின்புறத்தில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்தபோதுதான் சங்கதி புரிந்தது. 37.5 வோல்ட், 8.8 ஆம்பியர் என்று அதில் இருந்தது. இரண்டையும் பெருக்குங்கள், 330 வரும். சிலிக்கன் மின்கலம் ஒன்று அரை வோல்ட் அளவுதான் தரும். அப்படி 72 மின்கலங்களைத் தொடராக இணைத்த பேனல் அது. 12 வோல்ட் பேட்டரிக்கென்று செய்யும் பேனலில் 36 மின்கலங்களே இருக்கும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே ஒரு சார்ஜ் கன்ட்ரோலர் உண்டு. பெரியப்பா வீட்டில் இருந்தது பி.டபிள்யூ.எம். எனப்படும் எளிய, மலிவான வகை. அது ஒரு சுவிட்சைப் போலப் பேனலை பேட்டரியோடு நேரே சேர்த்துவிடும். சார்ஜ் ஆகும் பேட்டரியின் அழுத்தம் ஏறத்தாழ 13.5 வோல்ட். பேனலும் அந்த அழுத்தத்துக்கு இறங்கிவந்தே ஆகவேண்டும். ஆனால் மின்னோட்டம் அதே 8.8 ஆம்பியர்தான், கூடாது. 13.5 × 8.8 = 119 வாட். மீதி 210 வாட் கிடைக்காமலே போயிற்று!

நாளொன்றுக்கு 8.8 × 5 = 44 ஆம்பியர்-மணி உள்ளே வருகிறது. 100 வெளியே போகிறது. எந்தப் பேட்டரி தாங்கும்? காரீய-அமிலப் பேட்டரியை நிறையவே விடாமல் போட்டுவைத்தால், தகடுகளில் படியும் காரீய சல்ஃபேட் இறுகிக் கெட்டியாகிவிடும். பிறகு அது கரையாது. பேட்டரியின் ஆயுள் நீடிக்க, கொள்ளளவில் பாதிக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது. 150-இல் 75 எடுக்கலாம். பெரியப்பாவோ 100 எடுக்கப் பார்த்தார்.

இன்னொரு பேனல் வாங்கியிருந்தால்? அதிலும் மூன்றில் ஒரு பங்குதான் உருப்படியாகியிருக்கும். 44 என்பது 88 ஆகியிருக்கும், அவ்வளவே.

பணம் வேறு இரண்டு பொருள்களுக்குப் போனது. எம்.பி.பி.டி. வகைக் கன்ட்ரோலர் ஒன்று. அது அதிக அழுத்தத்தைக் குறைத்து, அதற்கு ஈடாக மின்னோட்டத்தைக் கூட்டித் தரும். அடுத்தது, 30 வாட்டில் அதே காற்றைத் தரும் பி.எல்.டி.சி. மின்விசிறிகள் இரண்டு. இப்போது கணக்கைத் திரும்பப் போடுங்கள். 2 × 30 × 6 = 360, விளக்குக்கு 100, ஆக 460. இன்வெர்ட்டரின் கூலியையும் சேர்த்தால் சுமார் 540 வாட்-மணி. அதாவது 45 ஆம்பியர்-மணி! புதிதாக வாங்கிய 150 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு இது மிக எளிது. சோலார் வாங்குமுன் மின்விசிறியை மாற்றுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். கடைக்காரர்கள் இதை ஏனோ முதலில் சொல்வதில்லை.

330 வாட்டும் முழுதாகக் கிடைத்துவிடாது. மே மாத மாடியில் பேனலின் சூடு 65 டிகிரியைத் தொடலாம். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் திறன் சுமார் 0.4 சதவீதம் குறையும். 40 டிகிரிக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். நிழலும் பொல்லாதது. மின்கலங்கள் தொடராக இருப்பதால், ஒரு தென்னங்கீற்றின் நிழல்கூடப் பேனலில் பெரும்பகுதியை முடக்கிவிடும்.

இன்வெர்ட்டரின் அளவுக்கு வேறு கணக்கு. அங்கே வாட்-மணி அல்ல, ஒரே நேரத்தில் ஓடும் கருவிகளின் வாட்டைக் கூட்ட வேண்டும். மிக்சியும் தண்ணீர் மோட்டாரும் கிளம்பும் நொடியில் வழக்கத்தைவிடப் பலமடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். அதற்காகத் தேவையின்றிப் பெரிய இன்வெர்ட்டர் வாங்கினாலோ, சும்மா இருக்கும்போதும் அது பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும்.

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூரிய வீடு திட்டத்தில் பலர் பேட்டரியே இல்லாமல், மின்வாரியக் கம்பியோடு நேரே இணையும் அமைப்பை வைக்கிறார்கள். கணக்கு அங்கே சுலபம். ஆனால் மின்வெட்டு வந்தால், நல்ல வெயிலிலும் அந்த அமைப்பு நின்றுவிடும்! கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள்.

பெரியப்பாவின் பேத்தி இப்போது தினமும் காலை ஆறு மணிக்கு மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து ஒரு நோட்டில் குறிக்கிறாள். பெரும்பாலும் 12.4 வோல்ட் காட்டுகிறது. ஐப்பசி அடைமழையில் இரண்டு நாள் 12.1-க்கு இறங்கியது. அன்று மாலை மின்வாரிய சுவிட்சைப் பெரியப்பா அணைக்கவில்லை.