கடலுக்கு ஏற்ற ஜி.பி.எஸ். கருவியைத் தேர்வு செய்வது எப்படி?

வயலில் மண் மாதிரி எடுத்த இடத்தைக் குறித்து வைக்க வேளாண் துறையினர் பயன்படுத்தும் கையடக்க ஜி.பி.எஸ். கருவியும், நாட்டுப்படகு மீனவர்கள் கடலுக்குக் கொண்டு செல்லும் கருவியும் செயல்படும் விதம் ஒன்றுதான். குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சிக்னலைப் பெற்று, நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் காட்டும். செல்போன் டவர் தேவையில்லை. ஆனால், வயலில் கருவி பழுதானால் அரை நாள் வேலைதான் கெடும். கடலில் பழுதானால் போட்ட வலை கிடைக்காமல் போகலாம். பாக் நீரிணையில் எல்லை தாண்டிவிட்டால் படகையும் இழந்து சிறைக்குச் செல்ல நேரிடும். எனவே வாங்கும் முன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

தண்ணீரும் பேட்டரியும்

ஐ.பி.எக்ஸ்.7 தரம் என்றால், ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் இருந்தாலும் உள்ளே நீர் புகாது என்று பொருள். கருவி மிதக்கும் என்று பொருள் அல்ல. மிதக்கும் வகையே படகுக்கு ஏற்றது. மிதக்காத கருவியானால் சிறிய மிதவையுடன் கயிற்றில் கட்டி வைக்க வேண்டும். கடைகளில் கிடைக்கும் சாதாரண பென்சில் பேட்டரியில் இயங்கும் மாதிரியே நல்லது. நீர் புகாத டப்பாவில் ஒரு மாற்று ஜோடி எப்போதும் இருக்கட்டும்.

திரையும் பொத்தானும்

ஈரமும் உப்பும் படிந்த விரலுக்குத் தொடுதிரை சரியாக ஒத்துழைக்காது. பொத்தான் உள்ள கருவியே கைகொடுக்கும். கடைக்குள் பளிச்சென்று தெரியும் திரை நடுப்பகல் வெயிலில் மங்கிவிடலாம். வெளியே எடுத்து வந்து பார்த்து வாங்குங்கள். இடத்தைப் பதிவு செய்ய ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும் என்ற வசதி இருந்தால், நண்டு வலையின் இரு முனைகளையும் படகு நகரும்போதே குறித்துவிடலாம். விலை குறைந்த மாதிரிகளில் படகு ஓடும்போதுதான் திசை சரியாகக் காட்டும், நின்றால் தடுமாறும். காந்தத் திசைகாட்டியைக் கரையில் விட்டுவிட்டுச் செல்லக் கூடாது.

எல்லை எச்சரிக்கை

இந்தியா – இலங்கை கடல் எல்லை 1974, 1976 ஒப்பந்தங்களில் குறிக்கப்பட்ட புள்ளிகளை இணைக்கும் கோடு. இந்தப் புள்ளிகளை மட்டும் கருவியில் ஏற்றி, நெருங்கினால் ஒலிக்கும்படி வைப்பது போதாது. சில புள்ளிகளுக்கு இடையே 20 கடல் மைலுக்கும் மேல் இடைவெளி உண்டு. அந்த எச்சரிக்கை ஒவ்வொரு புள்ளியையும் சுற்றி ஒரு வட்டம் போலத்தான் வேலை செய்யும். இடையில் படகு கடந்தால் கருவி ஒலிக்காது. எனவே கோட்டின் மீது 2 கடல் மைலுக்கு ஒரு புள்ளி வீதம் சேர்த்து, ஒவ்வொன்றுக்கும் 2 கடல் மைல் எச்சரிக்கைத் தூரம் வைக்கலாம். இத்தனை புள்ளிகளுக்கு எச்சரிக்கை வைக்க முடியுமா என்று வாங்கும் முன் கேளுங்கள். இன்ஜின் ஓடும்போது அந்த ஒலி காதில் விழுகிறதா என்றும் சோதியுங்கள். இரவில் வலை விட்டுக் காத்திருக்கும்போது நீரோட்டம் படகை இழுக்கும். அப்போது கருவியை அணைக்கக் கூடாது.

ஒரு புள்ளி செய்யும் பிழை

பலர் தவறுவது இங்கேதான். 9 பாகை 30.50 நிமிடம் என்பதும், 9 பாகை 30 நிமிடம் 50 விநாடி என்பதும் ஒன்றல்ல. 0.50 நிமிடம் என்பது 30 விநாடி. அட்சரேகையில் ஒரு நிமிடம் ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். ஆகவே மாற்றிப் பதிந்தால் சுமார் 600 மீட்டர் தள்ளிப் போய்விடும். வலையைத் தேடி அலைவதற்கும், எல்லைக்கு அப்பால் போவதற்கும் இதுவே போதும். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் மீன் கிடைக்கும் பகுதி அறிவிப்பானாலும், பக்கத்துப் படகுக்காரர் சொன்ன பார் இருக்கும் இடமானாலும், எந்த முறையில் எழுதப்பட்டுள்ளது என்று பார்த்து, கருவியின் அமைப்பையும் அதே முறைக்கு மாற்றிய பிறகே பதிய வேண்டும். வரைபட அளவுமுறை 'டபிள்யூ.ஜி.எஸ்.84' என இருக்க வேண்டும்.

கருவி செய்யாதவை

ஜி.பி.எஸ். நாம் இருக்கும் இடத்தை நமக்குக் காட்டும். கரையில் இருப்பவர்களுக்குச் சொல்லாது. ஆபத்து நேரத்துக்கு வி.எச்.எஃப். வாக்கி டாக்கியும், இஸ்ரோ உருவாக்கிய அபாய எச்சரிக்கைக் கருவியும் தனியாகத் தேவை. கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. வெளிநாட்டில் இருந்து உறவினர் வாங்கி வரும் கருவியில் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் வசதி இருந்தால், உரிய அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது சட்டப்படி குற்றம். செல்போன் செயலியைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பிப் போகக் கூடாது.

வாங்கிய கருவியுடன் நேராகக் கடலுக்குப் போக வேண்டாம். கரையில் ஓர் இடத்தைப் பதிந்து, ஒரு கிலோமீட்டர் நடந்து சென்று, கருவி காட்டும் வழியிலேயே அந்த இடத்துக்குத் திரும்பிப் பாருங்கள். படகில் வரும் இன்னொருவருக்கும் அதை இயக்கக் கற்றுக்கொடுங்கள். எல்லைப் புள்ளிகளையும், மானியம் உண்டா என்ற விவரத்தையும் அருகில் உள்ள மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்டுப் பெறலாம். கடலோர வட்டாரங்களில் பணிபுரியும் விரிவாக்கப் பணியாளர்கள், பாகை, நிமிடம், விநாடிக் கணக்கை மட்டுமாவது மீனவர் கூட்டங்களில் ஒருமுறை செய்து காட்டினால் பெரும் உதவியாக இருக்கும்.