உருளைக்கிழங்கு மூட்டையில் புழு: கடைக்காரர் கவனத்திற்கு

பெரம்பூர் வட்டாரத்தில் மளிகையோடு உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைத்து விற்காத கடைகள் குறைவு. கோயம்பேட்டிலிருந்து மூட்டை இறக்கிப் பத்து நாள் ஆகியிருக்காது, கிழங்கின் கண்ணில் கறுப்பாகக் கழிவு தள்ளியிருக்கும். நறுக்கினால் உள்ளே சுரங்கம். வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்து கல்லாவுக்கு எதிரே கொட்டுகிறார்.

இது அந்துப்பூச்சியின் வேலை. அரிசியில் வரும் அந்து வேறு, இது வேறு. வயலில் மண் மூடாத கிழங்குகளின் கண்ணருகே முட்டையிடும். ஆகவே பெரும்பாலும் மூட்டையோடுதான் புழு வருகிறது. நம் ஊர் வெக்கையில் முட்டை பூச்சியாக மூன்று நான்கு வாரம் போதும். பழைய மூட்டையில் மிஞ்சியதைப் புதுச் சரக்கோடு கலக்கும் வழக்கமே கடையில் இதை வளர்க்கிறது என்பது நமது கருத்து. இரண்டு வாரத்தில் விற்கும் அளவுக்கு மட்டும் கொள்முதல் செய்யுங்கள். விலை இறங்கும்போது இதைக் கடைப்பிடிப்பது கடினம்தான்!

2 முதல் 4 டிகிரி குளிரில் கிடங்கில் இருந்த வடநாட்டுக் கிழங்கில் புழு வளராது. ஆனால் வெளியே வந்ததும் வேர்க்கும். சாக்கைப் பிரித்து நிழலில் உலர்த்தாவிட்டால் அழுகிவிடும். வெயிலில் பரப்பினாலோ பச்சை ஏறிக் கசக்கும்.

உலர்ந்த உண்ணிச்செடி இலை அல்லது தைலமர இலையைக் கிழங்குக்கு அடியிலும் மேலும் ஓர் அங்குலம் பரப்பும்படி மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தார் சொல்கிறார்கள். அந்த வாடைக்குப் பூச்சி அண்டாது.

இதைவிட்டு, சிலர் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மூட்டைகளுக்கு நடுவே வைப்பதாகக் கேள்விப்படுகிறோம். அருள்கூர்ந்து வேண்டாம். ஈரக்காற்றுப் பட்டால் அதிலிருந்து நச்சு வாயு கிளம்பும். அனுமதி பெற்றவர்கள், ஆள் குடியில்லாத, காற்றுப் புகாத குடோனில் போடவேண்டிய சரக்கு அது. நமது கடைகளுக்கு மேல்மாடியிலும் பின்கட்டிலும் குடும்பங்கள் உறங்குகின்றன. 2024 நவம்பரில் குன்றத்தூரில், வீட்டில் வைத்த எலிமருந்தின் நெடியால் இரண்டு குழந்தைகள் இறந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம்.

பொங்கலுக்கு வாங்கும் சர்க்கரைவள்ளியில் கூன்வண்டு விழுந்திருந்தால், சிறிது சேதமானாலும் கிழங்கு முழுவதும் கசக்கும். சேனையில் வெள்ளை மாவு ஒட்டியதுபோல் தெரிந்தால் அதுவும் பூச்சியே, தனியே ஒதுக்குங்கள்.

மூட்டைகளைப் பலகைமேல், சுவரை ஒட்டாமல், வெளிச்சம் படாத இடத்தில் அடுக்குங்கள். காலியான சாக்கை உதறி வெயிலில் காயப்போடுங்கள். துளை விழுந்த கிழங்கை அன்றே பையில் இறுகக் கட்டி மாநகராட்சி வண்டியில் சேர்த்துவிடுங்கள். வாசல் தொட்டியில் திறந்து போட்டால் பூச்சி வெளிவந்து மறுபடி நமது மூட்டைக்கே வரும்.