மூக்கோரம் ஒரு சந்து

குல்மார்க்கில் பனிச்சறுக்கு பழகப் போகும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: “காகிள்ஸ் 1,500 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 20,000 ரூபாய்க்கும் கிடைக்கிறது. விலைக்கேற்ற வித்தியாசம் உண்டா? அதோடு, எதைப் போட்டாலும் எனக்கு மூக்கில் சரியாக உட்கார மாட்டேன் என்கிறது.”

கேள்வியின் கடைசி வரியில்தான் விஷயம் இருக்கிறது. விற்கிறவர்களோ முதல் வரியைப் பிடித்துக்கொள்வார்கள். மயில்கழுத்து நிறத்தில் மினுங்கும் லென்ஸை எடுத்து நீட்டுவார்கள். வாயில் நுழையாத ஒரு பெயர் அதற்கு இருக்கும். புற ஊதாக் கதிரை நூறு சதவீதம் தடுக்கும் என்று ஒட்டுத்தாள் சத்தியம் செய்யும். கதிர் பற்றிய பயம் நியாயமானதுதான். 1,000 மீட்டர் மேலே ஏறினால் புற ஊதாக் கதிரின் அளவு சுமார் 10 சதவீதம் கூடும். புதிதாய் விழுந்த பனி, தன்மேல் படுவதில் 80 சதவீதம் வரை முகத்துக்கே திருப்பிவிடும். குல்மார்க்கே 2,600 மீட்டருக்கு மேல். ஆனால் லென்ஸ் செய்யும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்குக்கு அந்தக் கதிரை விழுங்குவது பிறவிக் குணம். நிறமே இல்லாத லென்ஸும் விழுங்கும். பாலிகார்பனேட்தானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒட்டுத்தாளுக்கென்று தனியாகக் காசு அழ வேண்டாம்.

லென்ஸின் கருமைக்கு 0 முதல் 4 வரை எண் உண்டு. நல்ல வெயிலுக்கு 3, மேகமூட்டத்துக்கு 1. மூட்டமான நாளில் வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே மாதிரி விழுவதால் மேடு பள்ளத்துக்கு நிழலே இருக்காது. இல்லாத நிழலை எந்தச் சாயமும் வரவழைக்காது, விளம்பரம் என்ன சொன்னாலும். லென்ஸின் நிறம் பற்றிப் பேச இவ்வளவுதான் இருக்கிறது.

பேச வேண்டியது ஆவியைப் பற்றி. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 0 டிகிரியில் 5 கிராம்கூடத் தாங்காது. காகிள்ஸுக்குள் இருக்கும் காற்று, வியர்க்கும் கன்னத்தோடு ஒட்டி உறவாடிச் சூடாகவும் ஈரமாகவும் இருக்கிறது. லென்ஸின் மறுபக்கம் உறைபனி. இட்லிப் பானையின் மூடியைத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு அடுத்து நடப்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தப் பானையை வைத்தே மற்றதையும் சொல்லிவிடலாம். முகம்தான் இட்லி, லென்ஸ் மூடி. மூடிக்கு மேல் சிறு இடைவெளி விட்டு இன்னொரு மூடி போட்டால், நடுவில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்மூடி குளிராது, முத்து முத்தாய் நீர் கோக்காது. இரட்டை லென்ஸின் சூட்சுமம் இதுவே. மூடியின் விளிம்பில் சுற்றும் துணிதான் காகிள்ஸின் ஃபோம். பாதி வேக்காட்டில் மூடியைத் தூக்கிப் பார்க்கும் அவசரக்காரர்கள் இங்கேயும் உண்டு: லிஃப்டுக்கு வரிசையில் நிற்கும்போது காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றிவிடுவார்கள். முகத்தில் அதிகம் வியர்க்கும் இடங்களில் ஒன்று நெற்றி. திரும்ப இறக்கும்போது லென்ஸ் வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆனால் வெளியிலிருந்து ஆவி உள்ளே புகும் இட்லிப் பானையை எந்த வீட்டிலும் பார்த்திருக்க முடியாது. மூக்குக்கு மேல் உட்கார்ந்திருக்கும் இந்தப் பானைக்கு அந்தத் தலைவிதியும் இருக்கிறது. உவமையை இதற்குமேல் அடுப்பில் வைத்தால் அடிபிடித்துவிடும்.

மூக்கோரம் ஃபோம் படியாமல் ஒரு சந்து இருந்தால், விடும் மூச்சு அதன் வழியே நேராக லென்ஸுக்குப் போகிறது. ஆக, சரியாக உட்காராத காகிள்ஸ் உறுத்துவதோடு நிற்பதில்லை, கண்ணையும் மறைக்கிறது. வாசகரின் மூக்கில் குறையில்லை. பல ஃபிரேம்கள் எடுப்பான மூக்குத்தண்டை மனத்தில் வைத்து வார்க்கப்பட்டவை. தாழ்ந்த மூக்குத்தண்டுக்கென்று ஃபோமைத் தடிப்பாக்கிய வகைகள் தனியாக வருகின்றன. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

அப்படியானால் சுற்றிலும் இறுக்கி அடைத்துவிடலாமே என்றால், கூடாது. ஃபிரேமின் மேலும் கீழும் உள்ள துளைகள் வழியே வெளிக்காற்று வந்து போக வேண்டும். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். மைனஸ் 10 டிகிரியில் ஈரம் நிரம்பிய காற்றிலும் கன மீட்டருக்கு 2 கிராமுக்குச் சற்று அதிகமான நீராவிதான் இருக்கும். அதே காற்று உள்ளே வந்து 20 டிகிரிக்குச் சூடானால் அதன் ஈரப்பதம் 15 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். பாலைவனக் காற்று தோற்றுவிடும். நம்மை நடுங்க வைக்கும் குளிர்தான் லென்ஸை உலர்த்துகிறது! சறுக்கிக்கொண்டிருக்கும்போது தெளிவாக இருந்த லென்ஸ், நின்றவுடன் மங்குவதும் காற்றோட்டம் நின்றுபோவதால்தான்.

கொஞ்சம் வரலாறு சொல்லாவிட்டால் கட்டுரைக்கு ஆகாது. ஆர்க்டிக் பகுதியின் இன்யூட் மக்கள் எலும்பிலும் மரத்திலும் வால்ரஸ் தந்தத்திலும் மெல்லிய கீறல் விட்ட கண்மூடிகளை, அணிபவரின் முகத்துக்குப் பொருந்தச் செதுக்கினார்கள். லென்ஸே இல்லை, மங்கவும் இல்லை. இரட்டை லென்ஸையும் காற்றுப் புகும் ஃபோமையும் 1965 இல் சேர்த்து வைத்தவர் பாப் ஸ்மித் என்ற அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்.

உள் லென்ஸில் இன்னொரு வித்தை இருக்கிறது. பார்வையை மறைப்பது தண்ணீர் அல்ல, ஒளியைச் சிதறடிக்கும் துளிகளின் வடிவம். உள்ளே பூசியிருக்கும் நீர்விரும்பிப் பூச்சு, துளி திரளவிடாமல் தண்ணீரை மெல்லிய படலமாக விரித்துவிடுகிறது. தண்ணீர் இருக்கும், மங்கல் இருக்காது. ஆனால் ஈரத்தில் ஊறிய பூச்சு மிருது. கையுறையால் ஒருமுறை அழுந்தத் துடைத்தால் பூச்சு போச்சு. ‘ஒருபோதும் மங்காது’ என்பவர்களுக்கு ஒரு தகவல்: 1966 இல் ஜெமினி 9 பயணத்தில் விண்வெளியில் மிதந்த யூஜின் செர்னனின் தலைக்கவசக் கண்ணாடியே மங்கிப்போய் அவர் பார்வை தெரியாமல் தவித்தார்.

கடைக்குப் போகும்போது ஹெல்மெட்டையும் எடுத்துப்போங்கள். பட்டையை மாட்டாமல் காகிள்ஸை முகத்தில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். நெற்றி, கன்னம், மூக்கு எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் தெரிய வேண்டும். மூக்குப் பக்கம் வெளிச்சம் கசிந்தால் அடுத்ததை எடுங்கள். பட்டையை இறுக்கிச் சந்தை அடைத்துவிடலாம் என்று நினைத்தால் கன்ன எலும்பு வலிக்கும், ஃபோம் நசுங்கிக் காற்றோட்டமும் கெடும். பிறகு ஹெல்மெட்டைப் போடுங்கள். அது காகிள்ஸை மூக்கின் மேல் தள்ளவும் கூடாது, மேல் துளைகளை மூடவும் கூடாது. நெற்றி தெரியும்படி இடைவெளியும் விடக்கூடாது. பவர் கண்ணாடி போடுகிறவர்கள் ஃபோமில் காம்புக்கு வெட்டு விட்ட அகல ஃபிரேமைக் கேட்கலாம். ஆனால் உள்ளே இன்னொரு கண்ணாடி இருந்தால் அதுவும் மங்கும். காண்டாக்ட் லென்ஸ் பழக்கமுள்ளவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை.

குல்மார்க்கிலேயே வாடகைக்கு எடுப்பதானால் முதலில் ஃபோமை இரண்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். முந்தைய ஆளின் வியர்வையில் நனைந்து ஈரமாக இருந்தால் அதன் வழியே காற்று போகாது. உலர்ந்த ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.