கார்பனை விற்கும் முன் யாரைக் கேட்க வேண்டும்?

ஒரு நிறுவனம் தான் வெளியேற்றும் கரியமில வாயுவை முழுதாகக் குறைக்க முடியாதபோது, எங்கோ ஒரு காட்டிலோ மேய்ச்சல் நிலத்திலோ அதே அளவு வாயு பிடித்துவைக்கப்படுவதற்குப் பணம் தருகிறது. ஒரு டன்னுக்கு ஒரு கார்பன் கிரெடிட். வாங்கிய கிரெடிட்டைத் தன் மாசுக் கணக்கில் கழித்துக் காட்டுகிறது. சரி, அந்தக் காட்டையும் புல்லையும் நம்பிப் பிழைக்கிறவர்களிடம் யாராவது கேட்டார்களா? கென்யாவில் நடந்த இரண்டு திட்டங்களைப் பார்த்தால் விஷயம் விளங்கும்.

மொம்பாசாவுக்குத் தெற்கே, காசி விரிகுடாவில் இருப்பது மிகோகோ பமோஜா. 117 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2013 முதல் கிரெடிட் விற்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 டன்தான். பெரிய நிறுவனங்களுக்கு இது கொசுறு. காடு அரசுடையது. ஆனாலும் ஊர்ச் சங்கம் வனத்துறையோடு கூட்டு மேலாண்மை ஒப்பந்தம் போட்டிருக்கிறது. வீடு கட்டக் கழியும் அடுப்புக்கு விறகும் அலையாத்தியிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. வெட்டாதே என்று மட்டும் சொன்னால் உலை கொதிக்குமா? அதனால் மாற்றாகச் சவுக்கு நட்டார்கள். விற்ற பணத்தில் குடிநீர் வசதியும் பள்ளிக்கூடத்துக்குப் புத்தகங்களும் வந்தன. எதற்குச் செலவிடுவது என்பதில் ஊர்க்காரர்களுக்கே பேச்சு உண்டு.

வடக்கே கதை வேறு. அங்கே சுமார் 19 லட்சம் ஹெக்டேர் மேய்ச்சல் நிலத்தில் பெரிய மண்-கார்பன் திட்டம் ஒன்று நடக்கிறது. அதன் கிரெடிட்டை வாங்கியவர்களில் நெட்பிளிக்ஸும் மெட்டாவும் உண்டு. ஆடுமாடுகளைத் திட்டமிட்டு இடம் மாற்றி மேய்த்தால் புல் தேறும், வேர் வழியே மண்ணில் கார்பன் சேரும் என்பது இதன் கணக்கு. வேடிக்கை என்னவென்றால், இந்த முறை அங்குள்ள போரனா இன மேய்ப்பர்களுக்குப் புதிதே அல்ல. மழைக்காலத்துக்கு ஒரு நிலம், கோடைக்கு ஒரு நிலம், பஞ்சத்துக்கென்று தொடாமல் வைத்த நிலம் என்று பிரித்து, எப்போது எங்கே மேய்ப்பது என்பதைத் தெதா என்ற பெரியவர்கள் அவை முடிவு செய்துவந்தது. அந்த அதிகாரம் இப்போது அந்த நிலங்களில் அமைத்த வனவுயிர்க் காப்பகங்களின் நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டது என்பதுதான் மக்களின் புகார். 2025 ஜனவரியில் இசியோலோ நீதிமன்றம், பிலிகோ புலேசா, செராப் ஆகிய இரு காப்பகங்களும் மக்களை முறையாகக் கலந்துகொள்ளாமல் அமைக்கப்பட்டவை, எனவே சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. இவற்றில் பிலிகோ புலேசா கார்பன் திட்டத்துக்குள் இருந்தது.

இந்த இடத்தில்தான் சம்மதம் என்றால் என்ன என்று தெளிவாக வேண்டும். பழங்குடி உரிமைகள் குறித்த 2007ஆம் ஆண்டு ஐ.நா. பிரகடனம் சொல்வது இது: வேலை தொடங்கும் முன்பே, முழுத் தகவலும் தந்து, நெருக்குதல் இல்லாமல் கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லவும் வழி இருக்க வேண்டும். தலைவர் ஒருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூட்டத்தில் டீ கொடுத்துப் படம் எடுப்பது சம்மதமாகாது.

பணத்தைப் பங்கிட்டால் போதுமே என்பார்கள். கென்யாவின் 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், நிலம் சார்ந்த கார்பன் திட்டங்களின் ஆண்டு வருவாயில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் உள்ளூர் மக்களுக்குப் போக வேண்டும் என்கிறது. நல்ல சட்டம்தான். ஆனால் மாடு எங்கே மேய்வது என்று முடிவு செய்யும் உரிமைக்கு இந்தச் சதவீதம் ஈடாகாது. நில உரிமை முதலில், பங்கு பிறகு. வரிசை மாறினால் வழக்கில்தான் போய் முடியும்; இயற்கைக்கும் அதனால் லாபமில்லை. காவலாளியை எத்தனை பேர் வைத்தாலும், ஊர் ஒத்துழைக்காத காட்டைக் காப்பது கடினம்.

இனி ஏதாவது பொருளில் 'கார்பன் நடுநிலை' முத்திரையைப் பார்த்தால், எந்தத் திட்டத்தின் கிரெடிட் என்று அந்த நிறுவனத்திடம் கேளுங்கள். பெயர் தெரிந்தால் போதும். கிரெடிட்டுகளைப் பதிவு செய்யும் பெரிய பதிவேடுகளில் திட்ட ஆவணங்களை யார் வேண்டுமானாலும் இணையத்தில் படிக்கலாம். எத்தனை டன் என்ற பக்கத்தைத் தள்ளிவிட்டு, நிலம் யாருடையது, யார் சம்மதித்தார்கள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள்.