சிவப்பு விளக்கும் சின்னச் சென்சரும்

தம்புள்ளையில் மரக்கறி ஏற்றி வந்த எமது லொறியில், குருநாகலைத் தாண்டியதும் ஒயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. சாரதி உடனே எஞ்சினை நிறுத்திவிட்டார். ஒயில் மட்டத்தில் குறைவில்லை. பக்கத்துக் கராஜ்காரரோ, "ஒயில் பம்ப் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்றார். சரக்கு வெயிலில் வாடுகிறது!

எமது வழமையான பாஸை அனுப்பினேன். அவர் சென்சரைக் கழற்றி, அதே துவாரத்தில் பிரஷர் கேஜைப் பூட்டி எஞ்சினை இயக்கினார். முள் நன்றாக ஏறி நின்றது. பம்பில் பிழையில்லை; சென்சரின் உள்ளே இருக்கும் மெல்லிய தகடு கிழிந்து, வயர் முனைவரை ஒயில் கசிந்திருந்தது. பழையதையே பூட்டி, வழியில் ஒயில் மட்டம் பார்த்துப் பார்த்துக் கொழும்புக்குக் கொண்டுவந்தார். மரக்கறிக்குப் பாதி விலைதான் கிடைத்தது.

மறுநாள் பஞ்சிகாவத்தைக்குப் பழைய சென்சரையும் கொண்டுபோனேன். புரி அளவும் பிரஷர் அளவும் வண்டிக்கு வண்டி மாறும். ஒற்றை வயர் சென்சருக்கு எஞ்சின் உடம்புதான் எர்த். புரியில் தாராளமாக டேப் சுற்றினால் விளக்கு எரியாமலே போகலாம்.

நம்மவர் சிலர் வயரைக் கழற்றி விளக்கை அணைத்துவிட்டு ஓடுகிறார்கள். உண்மையிலேயே பிரஷர் விழும் நாளில் அவர்களுக்கு யார் சொல்வது? எமது சாரதி இப்போது காலையில் சாவியைத் திருப்பியதும் விளக்கு எரிகிறதா, எஞ்சின் இயங்கியதும் அணைகிறதா என்று பார்த்த பின்புதான் கியரைப் போடுகிறார்.