எவரும் காணாத கானகத்தைத் தீட்டுதல்

மனிதக் கண் எதுவும் கண்டிராத காடு ஒன்றை ஓவியன் எவ்வாறு தீட்டுவது? விலங்கின் உருவத்திற்கேனும் எலும்புகள் சான்று பகரும். அது திரிந்த காட்டிற்கோ பாறையில் பதிந்த இலைச் சுவடுகளும், கல்லாய்ச் சமைந்த அடிமரங்களும், மகரந்தத் துகள்களுமே சான்று. அச்சந்தரும் தோற்றத்தை விரும்பும் ஓவியர் சிலர், விழுதுகள் தொங்கும் மரங்களையும் மூடுபனியையும் வரைந்து, நடுவே ஒரு டைனோசாரை நிறுத்திவிடுகின்றனர். இது வேண்டாத உழைப்பாகும். ஜுராசிக் காலத்துக் காடு தன்னியல்பிலேயே நமக்கு விந்தையானது. பூக்கும் தாவரங்களுக்கு ஐயமற்ற சான்றுகள் அதற்கடுத்த கிரெட்டேசியக் காலத்திலிருந்தே கிடைக்கின்றன. ஆதலின் அக்காட்டில் மலரும் புல்லும் இடம்பெறா. பெரணிகள் தரையை மூட, சைக்கஸ் போன்ற செடிகளும் ஊசியிலை மரங்களும் மேலே இருண்டு நிற்கும்.

இதனை நன்குணர்ந்து தீட்டியவர் ருடால்ஃப் ஸாலிங்கர். அமெரிக்காவில் ஏல் பல்கலைக் கழகத்துப் பீபாடி பொருட்காட்சிசாலையில், 1943 முதல் 1947 வரை உழைத்து அவர் முடித்த சுவரோவியம் 110 அடி நீளமும் 16 அடி உயரமும் உடையது. உலர்ந்த சுண்ணச் சாந்தின்மீது தீட்டப்பட்ட அது, வலப்புறம் தொடங்கி இடப்புறமாகச் சுமார் 30 கோடி ஆண்டுகளைக் காட்டுகிறது. காலங்களைக் கோடிட்டுப் பிரிக்காமல், முன்னே நிற்கும் பெருமரங்களையே எல்லைகளாக அவர் அமைத்தது பாராட்டத் தக்கது. அதில் டிரனோசாரஸ் வாலைத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நிற்கிறது. அவ்விலங்கு வாலை உயர்த்தி, உடலைக் கிடையாக வைத்தே நடந்தது என்பதைப் பின்னர் வந்த ஆராய்ச்சி தெளிவாக்கியது.

காட்டின் தரையைப் பற்றிய திருத்தம் ஒன்று நம் நாட்டிலிருந்தே சென்றது. மகாராஷ்டிரத்தின் பிஸ்துரா என்னும் ஊரில், கிரெட்டேசியக் காலத்தின் இறுதியைச் சேர்ந்த, கல்லாகிப்போன சாணக்கட்டிகள் கிடைக்கின்றன. இவை டைட்டனோசார் எனப்படும் நெடுங்கழுத்து டைனோசார்களுடையவை எனக் கருதப்படுகின்றன. தாவர உயிரணுக்களில் படியும் சிலிகா, செடி மட்கிய பின்னும் அவ்வுயிரணுவின் வடிவோடு எஞ்சும். லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனத்தாரும் பிறரும் அச்சாணத்தில் இத்தகைய துகள்களைத் தேடி, குறைந்தது ஐந்து வகைப் புற்களை இனங்கண்டு 2005-இல் வெளியிட்டனர். டைனோசாரோடு புல்லை வரைவது பெரும்பிழை என்று அதுவரை ஓவியருக்குச் சொல்லப்பட்டு வந்தது!

எனினும் பிஸ்துராக் காட்சியில் பசும்புல்வெளியை விரித்தல் தகாது. அவ்விலங்கின் உணவில் புல் சிறு பங்கே. பனையினங்களுக்கும் ஊசியிலை மரங்களுக்கும் அடியில், அதன் காலருகே, சில புற்கொத்துகள் போதும்.