எண்ணூர் டேங்க் நிரம்பினால் எத்தனை நாள் தாங்கும்? அம்பத்தூர் வரை வரும் பைப் கேஸின் கணக்கு

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் தெருவோரம் பள்ளம் தோண்டி மஞ்சள் நிறக் குழாய் பதிப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். 'கேஸ் லைன் வருது, இனிமே சிலிண்டர் புக் பண்ண வேணாம்' என்பதுதான் பொதுவான பேச்சு. சரி, அந்த கேஸ் எங்கிருந்து வருகிறது? நாட்டிடம் எவ்வளவு இருப்பு இருக்கிறது? கப்பல் வருவது நின்றால் முதலில் யாருக்கு அடி விழும்?

சிலிண்டர் கேஸ் வேறு, பைப் கேஸ் வேறு

சிலிண்டரில் இருப்பது எல்.பி.ஜி. புரொப்பேன், பியூட்டேன் கலந்த இது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். பைப்பில் வருவது இயற்கை எரிவாயு. பெரும்பகுதி மீத்தேன் என்பதால் காற்றைவிட லேசானது. கசிந்தால் மேலே போகும். இதையே அழுத்தி வண்டியில் நிரப்பினால் சி.என்.ஜி. அதாவது வீட்டு அடுப்பு, ஷேர் ஆட்டோ, எஸ்டேட்டில் ஓடும் ஃபர்னஸ் மூன்றுக்கும் ஒரே சரக்குதான்.

எண்ணூரிலிருந்து எஸ்டேட் வரை

சென்னைக்கு முக்கிய ஆதாரம் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் அமைத்த எல்.என்.ஜி முனையம். 2019-ல் செயல்பாட்டுக்கு வந்தது. கிழக்குக் கடற்கரையின் முதல் எல்.என்.ஜி முனையம் இதுதான். வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிரவைத்தால் திரவமாகி, கிட்டத்தட்ட 600-ல் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அப்படித்தான் கப்பலில் வருகிறது. இங்கே மறுபடி வாயுவாக்கிக் குழாயில் விடுகிறார்கள். ஆண்டுக்கு 50 லட்சம் டன்னைக் கையாளும் திறன் இந்த முனையத்துக்கு உண்டு. மணலியில் நாப்தாவை நம்பியிருந்த மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் ஆலை 2019-ல் இந்த வாயுவுக்கு மாறியது.

வீடு, வண்டி, சிறு தொழிற்சாலைகளுக்கு விநியோகிக்கும் உரிமத்தை மாவட்டவாரியாக ஏலம் விட்டுக் கொடுக்கிறது பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்குமுறை வாரியம். 2018-ல் நடந்த 9-வது சுற்றில் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்கள் டோரன்ட் கேஸ் நிறுவனத்துக்குப் போயின. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றுமே இதற்குள் வரும். ஆனால் பூந்தமல்லியைத் தாண்டி மாங்காடு போனால் காஞ்சிபுரம் மாவட்டம். அங்கே உரிமம் வேறு நிறுவனத்துக்கு. 'பக்கத்து ஏரியாவுக்கு வந்துடுச்சு, நமக்கு ஏன் வரல' என்ற கேள்விக்குச் சில இடங்களில் மாவட்ட எல்லையும் ஒரு பதில்.

ஏறி இறங்கிய உற்பத்தி

இந்தியாவில் கேஸே இல்லையா? இருக்கிறது. மும்பை கடல் பகுதி, கிருஷ்ணா–கோதாவரி படுகை, நம்ம காவிரிப் படுகை என எடுக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், தேவையோடு சேர்ந்து உற்பத்தி வளரவில்லை.

கே.ஜி. டி-6 கடல் வயலில் 2009-ல் உற்பத்தி தொடங்கியதும் பெரிய நம்பிக்கை பிறந்தது. 2010-11-ல் நாட்டின் மொத்த உற்பத்தி சுமார் 5,200 கோடி கன மீட்டரைத் தொட்டது. பிறகு அந்த வயல் எதிர்பார்த்ததைவிட வேகமாகச் சரிந்தது. 2020-21-ல் நாட்டின் மொத்த உற்பத்தி 2,900 கோடிக்கும் கீழே போனது. அதே டி-6 பகுதியில் புதிய கிணறுகள் வந்த பிறகு மீண்டு, 2023-24-ல் சுமார் 3,600 கோடியானது.

அந்த ஆண்டு நாடு பயன்படுத்தியது சுமார் 6,700 கோடி கன மீட்டர். மீதி இறக்குமதி. 2004-ல் குஜராத்தின் தஹேஜ் முனையத்தில் தொடங்கிய எல்.என்.ஜி வரத்து, இன்று ஏறக்குறைய பாதித் தேவையை நிரப்புகிறது. அதிகம் அனுப்பும் நாடு கத்தார். அந்தக் கப்பல்கள் அத்தனையும் ஹோர்முஸ் நீரிணை வழியாகத்தான் வெளியே வர முடியும்.

இருப்பு எவ்வளவு?

எண்ணூரில் இரண்டு பெரிய டேங்குகள் உள்ளன. ஒவ்வொன்றும் 1.8 லட்சம் கன மீட்டர் திரவத்தைத் தாங்கும். இரண்டும் நிரம்பினால் 3.6 லட்சம். வாயுவாக மாற்றினால் சுமார் 21 கோடி கன மீட்டர். முனையம் முழு வேகத்தில் ஓடினால் சுமார் 12 நாளில் காலியாகிவிடும். நாடு மொத்தமும் ஒரு நாளில் எரிப்பது 18 கோடி கன மீட்டருக்கும் மேல். அதாவது எண்ணூரின் மொத்த இருப்பு இந்தியாவுக்கு ஒரு நாளைக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

அதையும் மாதக்கணக்கில் வைத்திருக்க முடியாது. எவ்வளவு குளிராக வைத்தாலும் திரவம் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். டேங்க் என்பது கப்பலுக்கும் கப்பலுக்கும் இடையிலான நாட்களைச் சமாளிக்கத்தான்.

ஐரோப்பா, அமெரிக்காவில் காலியான பழைய எரிவாயு வயல்களிலும் உப்புக் குகைகளிலும் வாயுவை நிரப்பிவைத்துக் குளிர்காலத்தில் எடுக்கிறார்கள். உக்ரைன் போருக்குப் பிறகு, குளிர்காலத்துக்கு முன் கிடங்கை நிரப்பியாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் சட்டமே போட்டது. இந்தியாவில் கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூரில் நிலத்தடிக் கிடங்குகள் உண்டு. எல்.பி.ஜி-க்கும் பாறைக் குகைகள் உண்டு. இயற்கை எரிவாயுவுக்கு மட்டும் அப்படியொரு பெரிய நிலத்தடிக் கிடங்கு இல்லை.

தட்டுப்பாடு வந்தால் யாருக்கு முதல் அடி?

வரிசை ஏற்கெனவே எழுதப்பட்டதுதான். பழைய வயல்களில் கிடைக்கும் விலை குறைந்த உள்நாட்டு வாயுவில் வீட்டு அடுப்புக்கும் சி.என்.ஜி-க்கும் 2014 முதல் முன்னுரிமை. 2023 ஏப்ரலில் இந்த வாயுவின் விலை கச்சா எண்ணெயில் 10 சதவீதம் என நிர்ணயிக்கப்பட்டு, உச்சவரம்பும் வைக்கப்பட்டது. அதனால் வீட்டு பில் ஓரளவு பாதுகாப்பாக இருக்கிறது.

ஆனால் வண்டிகள் பெருகும் வேகத்துக்கு அந்த வயல்கள் ஈடுகொடுக்கவில்லை. 2024 கடைசியில் சி.என்.ஜி-க்கான ஒதுக்கீடு அடுத்தடுத்துக் குறைக்கப்பட்டது. குறைந்த அளவுக்கு நிறுவனங்கள் விலை கூடிய வாயுவை வாங்க வேண்டியிருந்தது. பங்க் விலையில் அந்தச் சுமை தெரிந்தால், முதலில் உணர்வது ஆட்டோக்காரர்.

தொழிற்சாலைக்கு இந்தச் சலுகை கிடையாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஹீட் ட்ரீட்மென்ட், ஃபோர்ஜிங் செய்யும் சிறு யூனிட் பைப் கேஸுக்கு மாறினால், அது பெரும்பாலும் உலகச் சந்தையோடு ஏறி இறங்கும் விலையில்தான் வாங்கும். அந்த விலை எப்படி ஆடும்? ஆசியச் சந்தையில் 2020-ல் ஒரு யூனிட் 2 டாலருக்கும் கீழே கிடந்த எல்.என்.ஜி, 2022-ல் 60 டாலரைத் தாண்டியது. கெயில் நிறுவனத்துக்கு நீண்டகால ஒப்பந்தப்படி வரவேண்டிய ரஷ்ய நிறுவனத்தின் சரக்கே அப்போது பாதியில் நின்றது. 2022-23-ல் நாட்டின் எல்.என்.ஜி இறக்குமதி சுமார் 15 சதவீதம் குறைந்தது. எத்தனையோ ஆலைகள் வேறு எரிபொருளுக்குத் திரும்பின.

இதில் வரிச் சிக்கலும் சேர்கிறது. இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டி-க்குள் வரவில்லை, வாட் வரிதான். கேஸுக்குக் கட்டிய வரியை, தயாரித்த பொருளின் ஜி.எஸ்.டி-யில் கழித்துக்கொள்ள முடியாது.

அடுத்து என்ன?

நாட்டின் எரிசக்தியில் இயற்கை எரிவாயுவின் பங்கை இப்போதுள்ள 6 சதவீத அளவிலிருந்து 2030-க்குள் 15 ஆக்குவது மத்திய அரசின் இலக்கு. கத்தாரிடம் ஆண்டுக்கு 75 லட்சம் டன் வாங்கும் ஒப்பந்தம் 2048 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஒப்பந்தம் விலையை நிதானமாக்கும். கடல்வழி அடைபட்டால் அதற்குப் பதில் சொல்ல, கிடங்கு வேண்டும்.

வீட்டுக்கு இணைப்பு எடுப்பவர்கள் பெரிதாகத் தயங்கக் காரணமில்லை. வரிசையில் அவர்கள்தான் முதலில். ஃபர்னஸ் வைத்திருப்பவர்கள் கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களைப் பார்த்துக்கொள்வது நல்லது: விலை எதோடு இணைக்கப்பட்டிருக்கிறது, கேஸ் எடுக்காவிட்டாலும் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகை எவ்வளவு, பழைய எரிபொருளிலும் ஓடக்கூடிய பர்னர் இருக்கிறதா. நாட்டிடம் கிடங்கு இல்லாதவரை, மாற்று ஏற்பாட்டை யூனிட்காரர்தான் வைத்திருக்க வேண்டும்.